நீ மட்டும் படித்த நாவல்

இந்த வருடத்துப் புது நாவல்கள் வந்த அட்டைப்பெட்டியை இன்று உன் கடையில் பிரித்தேன். டேப்பைக் கிழித்ததுமே பசை வாசனை முகத்தில் அடித்தது. ஷூ கம்பெனியில் நாள் முழுக்க சொல்யூஷன் வாசனையில் நிற்கிறவள் நான். ஒட்டுகிற எதுவும் என் மூக்குக்குப் புதிதில்லை. ஆனால் புத்தக முதுகில் காய்கிற பசையை மோந்தால் உன் குரல் கேட்கிறது. "உங்க பசை தலைய வலிக்க வைக்கும்டி. இது பசியக் கிளப்பும்." பெட்டிக்குள் கையை விட்டபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கல்லாவிலிருந்த உன் தம்பி, "இன்னாக்கா, புக்கு கம்மியா வந்திருக்குதா?" என்றான். இல்லை என்று தலையாட்டினேன். கேட்டதெல்லாம் வந்திருந்தது. நான் தேடியது கேட்டு வாங்க முடியாத ஒன்று.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்துக்குள் இருக்கும் உன் கடையில் முன்பக்கம் எல்லாம் கைடும் ஜாமெட்ரி பாக்ஸும் சுருட்டி வைத்த சார்ட்டும்தான். உள்ளே, சுவரோரம் ஒரே ஓர் அலமாரி. பதின்வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்படும் புது நாவல்கள் மட்டும் அதில் இருக்கும். வீட்டில் அம்மாவை அம்மி என்று கூப்பிட்டு உருது பேசிவிட்டு வந்து, தமிழ் நாவல்களை அப்படி விழுந்து விழுந்து படித்த ஒருத்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சனிக்கிழமை அரை ஷிப்ட் முடிந்ததும் குடியாத்தம் பஸ் ஏறுவதற்கு முன் உன்னிடம் வருவேன். அதே நேரத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளும் வந்து சேர்வார்கள். அன்றைக்குத்தான் நீ புத்தகம் சொல்லும் நாள்.

யாரிடமும் "உனக்கு என்ன பிடிக்கும்" என்று நீ கேட்டதில்லை. "எந்த புக்க பாதியில வச்ச?" என்றுதான் கேட்பாய். அதற்கு வரும் பதிலை வைத்து ஆளை எடை போடுவாய். துப்பறியும் கதை என்றால், ஹாஸ்டல் அறைப் பூட்டுகளெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போக, திருடனைத் தேடப் புறப்படும் பாலிடெக்னிக் மாணவி. வருங்காலக் கதை என்றால், மழையில் நனைவதற்குக்கூட டோக்கன் வாங்க வேண்டிய ஊர். காதலுக்கு, கோச்சிங் சென்டரில் ஒரே பெஞ்சில் காலை பேட்ச்சும் மாலை பேட்ச்சுமாக உட்கார்ந்து, முகம் பாராமலே பெஞ்சுப் பலகையில் கிறுக்கிப் பேசிக்கொள்ளும் இரண்டு பேர். சரித்திரத்துக்கு, பொய்ப்பெயரில் கப்பலேறிக் கூலிக்குப் போன பதினைந்து வயதுக்காரி. ஒவ்வொன்றையும் ஓர் இடத்தில் நிறுத்தி, புத்தகத்தை எடுத்து ஒரு பிள்ளையின் கையில் வைப்பாய். "பெரியவங்களுக்குக் கதைய சொல்லலாம். பசங்கள கதவு வரைக்கும் கூட்டிட்டுப் போய் விட்டுடணும்" என்பது உன் கணக்கு.

பேய்க்கதையை மட்டும் எப்போதும் கடைசியில் வைத்துக்கொள்வாய். அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான்.

ஆற்றோரத்து ஊர் ஒன்றில் ஒரு பெண். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். அவளுடைய அக்கா தோல் ஷெட்டில் வேலை செய்து, போன வருடம் இறந்துபோனவள். தினமும் மதியம் கம்பெனிச் சங்கு ஊதும். ஒருநாள் அது ஓய்ந்த பிறகு இன்னொரு சங்கு கேட்கிறது, ஆற்றுப் பக்கமிருந்து. அந்தப் பக்கம் கம்பெனியே கிடையாது. வீட்டில் யாருக்கும் அது கேட்கவில்லை. மறுநாளும் கேட்கிறது. இந்த முறை, ஷிப்ட் முடிந்து கும்பலாக ஆட்கள் நடந்து வரும் காலடிச் சத்தத்தோடு. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்குகிறாள்.

அங்கே நிறுத்தினாய். எப்போதும் போல அலமாரிக்குத் திரும்பிக் கையை நீட்டினாய். மேல் தட்டு, கீழ்த் தட்டு, கல்லாவுக்குக் கீழே என்று தேடினாய். "இங்கதான் வச்சேன். நேத்து படிச்சிக்கினு இருந்தேன். கடைசி அத்தியாயம் வரப்போ ஆள் வந்துட்டாங்க, கவுத்து வச்சிட்டு சார்ட்டு எடுத்துக் குடுத்தேன்" என்றாய். பிள்ளைகள் சிரித்தார்கள். கடைக்காரியின் புது தந்திரம் என்று நினைத்திருப்பார்கள். நீ சிரிக்கவில்லை. எழுதியவர் பேர் நினைவில்லை என்றாய். தலைப்பும் நினைவில்லை. ஒருமுறை படித்த புத்தகத்தின் பதிப்பக முகவரியைக்கூட மறக்காதவள் நீ.

திங்கட்கிழமை புத்தகம் அனுப்பும் ஏஜென்ட்டுக்கு போன் போட்டாய். அப்படி ஒன்று வரவே இல்லை என்றார். சென்னையில் தெரிந்த பதிப்பகங்களுக்கெல்லாம் பேசினாய். வேலூரில் பழைய புத்தகக் கடைகளில் நாம் இரண்டு பேரும் குனிந்து குனிந்து முதுகு ஒடியத் தேடினோம். ஒரு கடைக்காரர், "அட்டை எப்படி இருக்கும்மா?" என்று கேட்டபோது நீ பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டாய். தெருவில் நின்று என்னிடம் மட்டும் சொன்னாய். சாம்பல் நிற அட்டை. மணலில் ஒற்றைச் செருப்பு. வாரைத் தைத்த நூல் மட்டும் சிவப்பு, அதுவும் தையல் தலைகீழாகப் போட்டிருந்தது. "உங்க கம்பெனில இப்டி தைச்சா பாஸ் பண்ணுவீங்களாடி?" மாட்டோம் என்றேன். "அதான், பார்த்ததும் உன்னதான் நெனச்சேன்" என்றாய். அட்டையைப் பற்றி வேறு யாரிடமும் பேச வேண்டாம் என்றும் சொன்னாய். சொன்னால் இவள் கதை கட்டுகிறாள் என்று அதையும் சேர்த்துச் சிரிப்பார்கள் என்ற பயம்.

அந்த மாதங்களில் ஒரு விஷயம் நடந்தது. சனிக்கிழமைகளில் இந்த ஊர்க் கம்பெனியின் மதியச் சங்கு ஊதும்போது கடைக்குள் பேச்சு தானாக நின்றுபோனது. யாரும் சொல்லி வைத்ததில்லை. சங்கு ஓயும். சந்தில் மீன் விற்கிறவளின் குரல் கேட்கும், பைபாஸில் லாரி போகும். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். வெயில் வெள்ளையாக வாசலில் கிடக்கும். பிறகு யாராவது ஒருத்தி அசடு வழியச் சிரிப்பாள், பேச்சு மறுபடி தொடங்கும். நான் உன்னைப் பார்ப்பேன். நீ சிரிக்கிறவளைப் பார்க்க மாட்டாய். உன் ஊரின் வறண்ட ஆறு இருக்கும் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

"உனக்குக் கேக்குதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லடி. அதான் பேஜாரா இருக்குது. நானே சொன்ன கதை, எனக்கே கேக்கல."

அப்புறம்தான் தலைவலி ஆரம்பித்தது. மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுக்கும்போது கை நடுங்கியது. உன் தம்பியும் நானும் உன்னை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து, மூளையில் கட்டி என்றார் டாக்டர். நல்ல மனிதர், அவசரப்படாமல் பேசினார். நீ அந்த நாவலைப் பற்றி அவரிடம் சொன்னாய். கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து இப்படி நடக்கும், நடக்காதது நடந்ததாக, படிக்காததைப் படித்ததாக மனம் உறுதியாக நம்பும் என்றார். அதுதான் நோயின் முதல் அறிகுறியாக இருந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

நீ அழவில்லை. "அப்ப புக்கு முழுக்க என் தலைக்குள்ளதானே இருக்கணும் டாக்டர்? முடிவு மட்டும் எனக்கு ஏன் தெரியல?" என்று கேட்டாய். அவர் உன்னையே பார்த்தார். நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஆபரேஷனுக்கு முன்தினம் பகலில் உன் கட்டிலருகில் இருந்தேன். தலையை மழித்திருந்தார்கள். துப்பட்டாவை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருந்தாய். அம்மி வெளியே தொழப் போயிருந்த நேரம், என் மணிக்கட்டைப் பிடித்தாய். "எனக்குப் பைத்தியம் இல்லடி. நான் படிச்சேன். நான் படிச்சேன்னா வேற யாராச்சும் படிச்சிருப்பாங்க. முடிவு இன்னான்னு கேட்டு வை."

சரி என்றேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு நீ பேசவே இல்லை. உன்னைக் கொண்டுவந்த அன்று வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் உன்னை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது மதியம். தெரு முனையை அவர்கள் திரும்புவதற்குள் சங்கு ஊதியது. அது ஓய்ந்ததும் என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அம்மி என்னைப் பார்த்து, "இன்னாம்மா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றும் கேட்கவில்லை.

கடையை உன் தம்பி பார்த்துக்கொள்கிறான். சனிக்கிழமையை நான் எடுத்துக்கொண்டேன். உன்னைப் போல எனக்குச் சொல்ல வராது. கதவு வரை போகாமல் பாதி வழியிலேயே எல்லாவற்றையும் உளறிவிடுகிறேன். இருந்தாலும் பிள்ளைகள் வருகிறார்கள். போன சனிக்கிழமை, கால் உடைந்த கோல்கீப்பர் பெண்ணைப் பற்றி ஒரு நாவல், பேசுகிறவர்களின் குரலைத் திருடும் செல்போனைப் பற்றி ஒன்று, இரண்டையும் சொல்லி முடித்தேன். பழைய பிள்ளைகளில் ஒருத்தி, "அக்கா, அந்த சங்கு புக்கு கெடச்சிதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். புதிதாக வந்தவர்களுக்காக அவளே கதையைச் சொன்னாள், கதையில் வரும் பெண் மணலில் இறங்குகிற இடம் வரைக்கும்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண், "அது நான் படிச்சிருக்கேன்கா" என்றாள்.

பிளஸ் ஒன் படிக்கிறவள். கணியம்பாடிப் பக்கம் ஊர். அம்மாவுக்கு இங்கே கம்பெனியில் வேலை கிடைத்துப் போன மாதம்தான் குடிவந்தவர்கள். கடைக்கு அன்றுதான் முதல்முறை வருகிறாள். உன்னை அவள் பார்த்திருக்க வழியில்லை. கவனம் தேடிச் சொல்கிறாளோ என்று எனக்குத் தோன்றியது. எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து, பஸ் ஸ்டாண்டு வரை அவளோடு நடந்தேன். எதுவும் எடுத்துக்கொடுக்காமல், "அட்டையில இன்னா படம்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒத்த செருப்புக்கா. மண்ணுல கெடக்கும். செவப்பு நூலுல தைச்சிருப்பாங்க. தையல் உல்ட்டாவா இருக்கும்."

எங்கே படித்தாய் என்று கேட்டேன்.

"எங்கப்பாவ வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், இங்க வர்றதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி. ரொம்ப நேரம் உக்கார வச்சிட்டாங்க. பக்கத்துல ஒரு அக்கா இருந்தாங்க. எந்த புக்க பாதியில வச்சேன்னு கேட்டாங்க. சொன்னேன். பையிலருந்து இத எடுத்துக் குடுத்தாங்க. அங்கயே முழுசா படிச்சிட்டு திருப்பிக் குடுத்துட்டேன். அவங்கள உள்ள கூப்ட்டாங்க, போய்ட்டாங்க."

நீ போனது மார்கழிக் குளிரில். அவள் சொல்வது அதற்கடுத்து வந்த சித்திரை வெயில் காலம்.

என் போனில் உன் படம் இருக்கிறது. அலமாரி முன்னால், கையில் பழைய துணியோடு நீ தூசி தட்டுகிற படம். என் விரல் அதுவரைக்கும் போனது. திரையை அணைத்துப் பைக்குள் போட்டேன். அவள் ஆமாம் என்றால் நான் என்ன செய்வேன்? இல்லை என்றால் என்ன செய்வேன்? இரண்டில் எதையும் தாங்குகிற தெம்பு அந்த வெயிலில் எனக்கு இல்லை.

"அந்த அக்கா வேற இன்னா சொன்னாங்க?"

"முடிச்சதும் இன்னா ஆச்சுன்னு கேட்டாங்க. அவங்க கடைசி அத்தியாயம் படிக்கலையாம். நான் சொல்றதுக்குள்ள கூப்ட்டுட்டாங்க."

"சரி, எனக்குச் சொல்லு" என்றேன்.

அவள் சொன்னதை உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கேட்டு வை என்றாய், கேட்டுவிட்டேன். கதையில் அந்தத் தங்கை மணலில் இறங்கி நடக்கிறாள். ஆற்றின் நடுவில், ஷிப்ட் முடிந்த ஆட்கள் மண்ணுக்குள்ளிருந்து வரிசையாக மேலேறி வருகிறார்கள். சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு, தலைமுடியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு. அதில் அவள் அக்காவும் இருக்கிறாள். அக்காவுக்குத் தங்கையை அடையாளம் தெரியவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரோ ஒருத்தியிடம் கேட்பது போல, "பஸ்ஸு போய்ட்டுதா?" என்று மட்டும் கேட்கிறாள். அங்கே பஸ் எதுவும் வருவதில்லை என்று தங்கைக்குத் தெரியும். "இல்ல, இன்னும் வரல. வா, இப்டி நிழல்ல நிக்கலாம்" என்று சொல்லி அக்காவின் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறாள். அவ்வளவுதான், அதோடு முடிந்துவிடுகிறதாம்.

முடிவைச் சொன்ன பெண் வீட்டுக்குப் போய்விட்டாள். குடியாத்தம் பஸ் வந்து ஹாரன் அடித்தது. கண்டக்டர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டுப் புளியமரத்து நிழலில், இன்னும் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு, கொஞ்ச நேரம் நின்றேன்.

யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல வேண்டிய பதில் மட்டும் அன்றிலிருந்து என் நாக்கு நுனியிலேயே இருக்கிறது.