சிவப்புக் குளிசை வெள்ளைக் குளிசையைத் தின்றது

டொக்டர்,

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு மருமகள் ஒரு மருந்து அட்டையைக் கொண்டு வந்து என் கையில் வைத்தாள். மாமனாருக்குக் காசநோயாம். "மிஸ், இத சாப்பாட்டுக்கு முன்னுக்கா குடுக்குறது, பின்னுக்கா?" என்று கேட்டாள். ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் இந்த ஒழுங்கைச் சனத்துக்கு நான் இன்னும் மருந்து மிஸ்தான். அட்டையில் சிவப்புக் குளிசைகள் வரிசையாக இருந்தன. வெறும் வயிற்றில் கொடுக்கச் சொன்னேன். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்றும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவரு வேற என்ன மருந்து எடுக்குறாரு?" என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது. அது நீங்கள் கேட்கும் கேள்வி. அவள் போன பிறகு அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கும்வரை உங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலுவிகாரைக்குப் போகும் பாதையில் ஒரு பழைய ஓட்டு வீட்டில்தான் நம் கிளினிக் இருந்தது. முன் அறையில் நீங்கள், நடு அறையில் நான்கு கட்டில்கள், சமையலறை ஜன்னலில் மருந்தோடு நான். நீங்கள் டவுனில் முஸ்லிம் வியாபாரி வீட்டில் பிறந்த பெண். நான் இரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் பிறந்தவள். வயது இருவருக்கும் ஒன்றுதான், பிடிவாதமும் ஏறக்குறைய ஒன்றுதான். தொற்று நோய்களைப் படித்துவிட்டு வந்த உங்களுக்குக் கூடவே இன்னொரு கவலையும் இருந்தது. குடு. கொழும்புக்கு வேலைக்குப் போன பையன்கள் அந்த ஹெரோயின் தூளைப் பழகிக்கொண்டு திரும்பி வரத் தொடங்கிய காலம் அது. கதவை மூடிய அறைக்குள் நாலைந்து பேர் குந்தியிருந்து புகையை இழுப்பார்கள், கூடவே ஒருவன் இருமலையும் மற்றவன் இழுத்துக்கொள்வான். "ரெண்டு நோயும் ஒரே ஆளுக்குள்ள ஈக்கிது. அவர ரெண்டு வாசலுக்கு அலைய விடுறது என்னத்துக்கு?" என்பீர்கள்.

அப்படித்தான் காசநோய் மருந்தும், குடுவை விடும்போது வரும் வேதனையை அடக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு போகும் வெள்ளைக் குளிசையும் என் ஒரே ஜன்னலுக்கு வந்தன. அந்த வெள்ளைக் குளிசைக்கு அனுமதி கேட்டு நீங்கள் கொழும்புக்கு எழுதிய கடிதங்களைத் தபாலில் போட்டுப் போட்டு எனக்குக் கால் தேய்ந்தது. மருந்தை யாரிடமும் கொடுத்தனுப்புவதில்லை. தினமும் வந்து என் கண் முன்னால் விழுங்க வேண்டும். யுத்தத்தால் டவுன் எல்லையில் சோதனைச் சாவடி இருந்த நாட்கள் அவை. தோட்டத்துப் பையன் ஒருவனின் சட்டைப் பையில் பெயர் தெரியாத குளிசை கிடந்தால் அவன் அன்றைக்கு வீடு போய்ச் சேர்வது நிச்சயமில்லை.

உங்கள் மேசையில் எப்போதும் ஒரு கொப்பி இருக்கும். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் முன்பு அவர் சொல்வதை அவர் சொன்ன மாதிரியே அதில் எழுதுவீர்கள். இருமலை இருமல் என்று எழுதமாட்டீர்கள். "நெஞ்சுக்குள்ள கல்ல போட்டு உருட்டுற மாதிரி" என்று ஒரு கிழவர் சொன்னால் கல்லும் உருட்டலும் அப்படியே கொப்பியில் ஏறும். எனக்குச் சிரிப்பாக இருக்கும். டொக்டருக்கு வேலை இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கொப்பியில் ஒரு பக்கம் என் தம்பியினுடையது.

கொழும்பில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்துவிட்டு எலும்பும் தோலுமாக வந்தான். கிளினிக்குக்கு வரச் சொன்னது நான்தான். ஆனால் லயத்து வாசலிலேயே நிறுத்தி, "அங்க வந்து அக்கான்னு வாயத் தொறந்த, நடக்குறது வேற. எல்லாரும் கூப்பிடுற மாதிரி மிஸ்ஸுன்னு கூப்பிடு" என்று சொல்லிவிட்டேன். தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த வேலையா என்று ஏற்கெனவே பார்க்கிறவர்கள் இருந்தார்கள். குடுக்காரன் அக்கா என்ற பெயரும் சேர வேண்டாம் என்று நினைத்தேன். மறுநாள் காலை தம்பி ஜன்னலுக்கு வந்து, "குட் மார்னிங் மிஸ்" என்றான்.

வெள்ளைக் குளிசையில் சில வாரங்கள் நன்றாக இருந்தான். முகத்தில் சதை பிடித்தது. பிறகு எக்ஸ்ரேயில் காசநோய் தெரிந்து சிவப்புக் குளிசையையும் தொடங்கினீர்கள். பத்து நாள் போயிருக்கும். ஜன்னலில் நின்று ஓயாமல் கொட்டாவி விட்டான், மூக்கு ஒழுகியது, கையில் மயிர் குத்திட்டு நின்றது. "மிஸ், இந்த செவப்பு குளுச வெள்ள குளுசய தின்னுருதுங்க. வெள்ளய எடுத்தும் எடுக்காத மாதிரி இருக்கு" என்றான். எனக்கு எரிச்சல் வந்தது. வெள்ளையைக் கூட்டிக் கேட்பதற்குக் குடுக்காரர்கள் சொல்லாத கதையா? "கத கட்டாம முழுங்கு" என்றேன்.

அதற்குப் பிறகுதான் போத்தல் விஷயம். சிவப்புக் குளிசையை விழுங்கினால் சிறுநீர் சிவக்கும், அதை வைத்துத்தான் ஆள் உண்மையாக விழுங்கினானா என்று பார்ப்போம். ஒரு நாள் தம்பி கொண்டு வந்து வைத்த போத்தலில் நிறம் சரியாகத்தான் இருந்தது. மூடியைத் திறந்தேன். சாயத் தேத்தண்ணி. வேறு யாராவது மிஸ் இருந்திருந்தால் தப்பியிருப்பான். கொழுந்து பறித்த தாய்க்குப் பிறந்தவள் நான், தேயிலை வாசம் எனக்குத் தெரியாதா? சிவப்பைக் கன்னத்தில் ஒதுக்கி வெளியே போய்த் துப்பியிருக்கிறான்.

ஏமாற்றினால் பெயரை வெட்டுவது நம் விதி. வெள்ளைக் குளிசைக்குக் காத்திருந்தவர்கள் அதிகம். பெயரை வெட்டினால் தம்பி மறுபடி குடுவுக்குப் போவான், அரைகுறை மருந்தோடு காசநோய் அவனை முடித்துவிடும், ஒரே அறையில் படுக்கிற அம்மாவுக்கும் தொற்றும். எல்லாம் தெரிந்துதான் பதிவேட்டில் எழுதினேன்: "பொய்யர். பெயரை நீக்கலாம்." வேறு ஒருவனாக இருந்திருந்தால் இன்னொரு தடவை பார்ப்போம் என்று எழுதியிருப்பேன். தம்பி என்பது தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மற்றவர்களைவிட அவனிடம்தான் கடுமையாக இருந்தேன்.

நீங்கள் பதிவேட்டைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"தேத்தண்ணி ஊத்தினது உண்மை. சொன்னது பொய்யெண்டு எத வச்சி எழுதினீங்க?"

"குடுக்காரங்க இப்படித்தான் சொல்லுவாங்க டொக்டர்."

"இத இதுக்கு முந்தி வேற யாரு சொன்னது? வேற ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல." கொப்பியைத் திருப்பிக் காட்டினீர்கள். நான் கதை என்று தள்ளிய அதே வாக்கியம், செவப்பு குளுச வெள்ள குளுசய தின்னுருது, உங்கள் கையெழுத்தில் இருந்தது; உங்களிடமும் சொல்லியிருக்கிறான். "சாக விருப்பமில்லாத மனுஷன் மருந்தத் துப்புறாரெண்டா, அந்த மருந்துல என்னவோ ஈக்கிது."

தம்பியை நடு அறைக் கட்டிலில் படுக்க வைத்தீர்கள். இரண்டு குளிசைகளையும் நீங்களே கொடுத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தீர்கள். காலையும் மாலையும் சின்ன டோர்ச்சை அடித்து, வட்டங்கள் வரைந்த ஒரு கடதாசியைக் கன்னத்தருகே பிடித்துக் வெள்ளை போதாவிட்டால் விரிந்துபோகும் கண்மணியின் அளவைக் குறித்தீர்கள். கொட்டாவியை எண்ணும் வேலையை எனக்குத் தந்தீர்கள். வேண்டுமென்றேதான் தந்தீர்கள் என்று இப்போதும் நினைக்கிறேன். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரம் கட்டில் கால்கள் ஆடுகிற அளவுக்கு உதறினான். நீங்கள் வெள்ளையைப் படிப்படியாகக் கூட்டினீர்கள். சில நாளில் உதறல் அடங்கி, எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டான். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் சோறு போட்டதில்லை.

கண்டியிலிருந்து ஒரு பழைய மருத்துவச் சஞ்சிகையின் பிரதி வந்த அன்று நீங்கள் செருப்புக்கூடப் போடாமல் ஜன்னலுக்கு ஓடி வந்தீர்கள். வெளிநாட்டில் யாரோ இதைக் கவனித்து எழுதியிருந்தார்கள். சிவப்பு மருந்து ஈரலை விரட்டி வேலை வாங்குமாம், அந்த வேகத்தில் ஈரல் வெள்ளைக் குளிசையையும் சீக்கிரமே கரைத்துத் தள்ளிவிடுமாம். "உங்கட ஆள் ஒரு சஞ்சிகையும் வாசிக்காம கண்டுபிடிச்சிட்டார்" என்றீர்கள். ஆள் என்றுதான் சொன்னீர்கள். அப்போது உங்களுக்கு எங்கள் உறவு தெரியாது.

தெரிந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அம்மா சோற்றுப் பார்சலோடு படியேறி வந்து, உங்கள் முன்னாலேயே, "அடியே, தம்பிய எந்தக் கட்டில்ல போட்டிருக்க?" என்று என்னைக் கேட்டது. எனக்கு நிலம் பிளந்தால் தேவலை போலிருந்தது. நீங்கள் அம்மாவுக்கு உங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டீர்கள். அம்மா போன பிறகு பதிவேட்டை என் முன்னால் விரித்தீர்கள். நான் பழைய வரியை அடிக்கப் போனேன்.

"அடிக்க வேணாம். பிழையும் தெரியத்தான் வேணும். கீழ சரியானத எழுதுங்க."

"இவர் சொன்னது உண்மை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். இவர் என் தம்பி என்று இன்னொரு வரியும் எழுத வேண்டியிருந்தது. பேனை நின்றுவிட்டது. கடைசியில் பதிவேட்டை நீங்களே மூடி, "மத்தத எப்ப ஏலுமோ அப்ப சொல்லுங்க" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. வேறு யாரிடமும் சொன்னதுமில்லை.

மற்ற நோயாளிகளிடமும் அதே மாதிரிப் பார்த்து, எல்லாவற்றையும் எழுதி, கண்டியில் டொக்டர்மார் கூட்டத்துக்குக் கொண்டு போனீர்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். கடன் வாங்கிய சேலையில் கடைசி வரிசையில் இருந்தேன். குடுக்காரன் பேச்சை நம்பி ஒரு ஆராய்ச்சியா என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "நம்பினேன் என்று சொல்லவில்லை, எழுதி வைத்துப் பார்த்தேன். இதைக் கண்டுபிடித்தது நானில்லை, இரத்தோட்டையிலிருந்து வந்த ஒருவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள். எனக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் விளங்கும். பெருமையாக இருந்தது. உங்களை நினைத்து, அவனை நினைத்து. பக்கத்தில் இருந்த நர்ஸிடம், அது என் தம்பி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

தம்பி பிழைத்தான். இடையில் ஒரு தடவை சறுக்கினான், நீங்கள் மறுபடி ஜன்னலுக்கு அனுப்பினீர்கள். வெள்ளைக் குளிசை குறைந்து குறைந்து ஒரு நாள் இல்லாமலே போனது. இப்போது மசாலாத் தோட்டம் ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறான், இரண்டு பெண் பிள்ளைகள். கிளினிக் ஆட்கள் யாராவது எதிரே வந்தால் மட்டும் இந்த வயதிலும் என்னை மிஸ் என்பான். வேண்டாம் என்று நானும் சொன்னதில்லை.

போன வருஷம் நீங்கள் கண்மூடிய மவுத்துச் செய்தி கேட்டு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வந்தோம். முற்றம் நிறைய இளம் டொக்டர்மார், உங்களிடம் படித்தவர்கள். அவர்களில் ஒருவர் தம்பியைப் பார்த்து நீங்கள் யார் என்று மரியாதையாகக் கேட்டார்.

"மேடத்துக்கிட்ட மருந்து எடுத்தவன்ங்க. குடு அடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றான், தலையைக் குனியாமல்.

பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் விலகினார்கள். அந்த டொக்டர் என் பக்கம் திரும்பி, "மிஸ், உங்களுக்கு இவரத் தெரியுமா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "ஜன்னல்ல மருந்து குடுத்தாங்க. அந்தப் பழக்கம்தான்ங்க."

"இல்ல" என்றேன். "நான் இவன் அக்கா. கூடப் பொறந்தவ."

முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். உங்களுக்கும் கேட்டிருக்க வேண்டும் டொக்டர், ஜனாஸாவை அப்போது இன்னும் வீட்டுக்குள்ளிருந்து தூக்கவில்லை.