‘சரி’ என்றால் சம்மதமா

அன்புள்ள உனக்கு,

காலையில் குக்கரைத் திறந்ததும் சாமை வாசனை வந்தது. சர்க்கரை கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதிலிருந்து என் மருமகள் அரிசியை ஒளித்துவைத்துவிட்டு இதைத்தான் பொங்குகிறாள். ஒரு வாய் வைத்தேன். உப்பே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன அத்தை, அவ்வளவு மோசமா இருக்கா?" என்று பதறினாள். "இல்லம்மா, ஒரு சிநேகிதி ஞாபகம்" என்றேன். உப்பில்லாத சாமைச் சோற்றுக்கும் சிநேகிதிக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை, நல்ல பெண். அந்தச் சம்பந்தம் தெரிந்தவள் நீ ஒருத்திதான் என்பதால் உனக்கே எழுதுகிறேன். நீ போய் நாற்பது நாள் ஆகிறது. பதில் வராத கடிதம் எழுதுவது எனக்குப் புதிதல்ல. இருக்கும்போதே மூன்றுக்கு ஒன்று என்றுதானே பதில் போடுவாய்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அரசமைப்புச் சட்டம், நிர்வாகச் சட்டம் என்று ஆளுக்கொரு தலைப்பை வைத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு முட்டிமோதிக்கொண்டிருந்த ஐந்து பேர் நாம். நெறியாளர்கள் வருடத்துக்கு இரண்டு கையெழுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான். எழுதியதைப் படித்து நல்லது கெட்டது சொல்ல ஓர் ஆளில்லை. "நம்மள நாமே படிச்சிக்கலாம், வேற யாரும் வேணாம்" என்று ஆரம்பித்தது நீதான். ஒவ்வொருவரும் ஓர் அத்தியாயத்தைத் தட்டச்சு செய்து, கார்பன் பிரதிகளை மற்ற நால்வருக்கும் ஒரு மாதம் முன்பே தபாலில் அனுப்பிவிட வேண்டும். பிறகு ஐந்து நாள் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கிழிக்க வேண்டும். பேராசிரியர் யாருக்கும் அழைப்பில்லை. இடத்தையும் நீயே பிடித்தாய். "எங்க கலசப்பாக்கத்துக்கு மேலதான் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர்ல விடுதி சும்மா கெடக்குது. அங்க போய்ட்டா ஒருத்தரும் பாதியில எழுந்து வூட்டுக்கு ஓட முடியாது, நெனச்ச நேரத்துக்கு பஸ்ஸு இல்ல" என்று எழுதியிருந்தாய்.

சித்திரை வெயிலில் வேலூரில் பஸ் ஏறி, கண்ணமங்கலம் தாண்டி, போளூரில் இறங்கி மலைப் பஸ்ஸுக்கு மாறினோம். முதல் வளைவிலேயே எனக்குத் தலை சுற்றியது. கும்பகோணத்துக்காரிக்கு மேடு என்றாலே ஆற்றங்கரை உயரம்தான் தெரியும் என்று மேலே போய்ச் சேரும்வரை நீ கேலி செய்தாய். விடுதி முற்றத்தில் உடைத்த புளியைப் பாயில் பரப்பியிருந்தார்கள். அந்தப் புளிக்குச் சொந்தக்காரி பச்சையம்மாதான் நமக்குச் சமையல். மலைமேல் சாமையும் புளியமரமுமாகப் பிழைக்கும் குடும்பம் அவருடையது.

நம் பட்டறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. எழுதியவர் தன் அத்தியாயத்தைத் தான் வாசிக்கக் கூடாது. இன்னொருவர் வாசிப்பார், எல்லோரும் குறை சொல்வார்கள், அது முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கவே கூடாது. சேலத்து ராஜமாணிக்கம்தான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு காவல் இருந்தார். நான் முதல் நாளே எதிர்த்தேன். "ஒருத்தர் தரப்பைக் கேக்காம அவரைத் தண்டிக்கலாமா? என் ஆய்வே அதைப் பத்தினதுதானே!" என்றேன். அவர் சிரிக்காமல், "கேப்போம்மா, தண்டிச்ச பிறகு கேப்போம். அதையும் நீதிமன்றங்கள் சில சமயம் ஏத்துக்குது, நீங்களே எழுதியிருக்கீங்க" என்றார். நீ சிரித்த சிரிப்பில் முற்றத்தில் இருந்த கோழி ஓடியது.

நான் சிரிக்கும் நிலையில் இல்லை. என் பதிவுக் காலம் ஆனி மாதக் கடைசியோடு முடிகிறது. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவும், "இந்த வருஷத்தோட இது போதும்மா" என்று சொல்லியிருந்தார். மேலே கொண்டுவந்தது என் மூன்றாவது அத்தியாயம். நான்காவதும் ஐந்தாவதும் அதன் தோளில்தான் நின்றன. அது விழுந்தால் ஏழு வருடம் விழுந்தது.

அந்த அத்தியாயத்தின் வாதம் இதுதான். அரசு ஒருவரின் உரிமையை எடுப்பதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும். ஆனால் அவரே சம்மதித்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை. சான்றுக்கு ஒரு பழைய கோப்பைப் பிடித்திருந்தேன். ஒரு மலைக்கிராமத்துக் குடும்பங்களின் புளியமரங்களை எடுத்துக்கொள்ளப்போவதாக ஓர் அதிகாரி ஊர் நடுவில் நின்று அறிவிப்பைப் படித்திருக்கிறார். கோப்பில், ‘படித்துக் காட்டப்பட்டது, சரி என்றனர்’ என்று ஒரே வரி. அந்தச் ‘சரி’யை நான் ஆங்கிலத்தில் சம்மதம் என்று மொழிபெயர்த்து, அதன்மேல் நாற்பது பக்கம் எழுப்பியிருந்தேன். நெறியாளரும் பிரமாதம் என்று சொல்லியிருந்தார்.

இரண்டாம் நாள் என் முறை. நீதான் வாசித்தாய். அந்த வரி வந்ததும் நிறுத்திவிட்டு, அடுக்களைப் பக்கம் திரும்பிப் பச்சையம்மாவைக் கூப்பிட்டாய். அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏம்மா, நேத்து காலையில உப்பு கம்மியா போடுங்கன்னு சொன்னனே, நீங்க இன்னா சொன்னீங்க?"

"சரிம்மான்னு சொன்னேன்."

"ராத்திரியும் அதே உப்பு, இன்னிக்கும் அதே உப்பு. அப்புறம் எதுக்கு சரின்னீங்க?"

"நீ சொன்னது காதுல வுயுந்துச்சி, அதான் சரின்னேன்" என்றார் பச்சையம்மா, நம்மைப் பார்த்து இரக்கப்பட்டவராக. "அதுக்காவ உப்பில்லாத சோத்த ஆக்கிப் போட முடியுமா? ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், எங்கே போகிறாய் என்று அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. நீ சிரிக்காமல் அடுத்ததைக் கேட்டாய்.

"ஒரு ஆபீசர் வந்து, இந்த மரம்லாம் இனிமே உங்குளுது இல்லன்னு காயிதத்தப் படிச்சா இன்னா சொல்லுவீங்க?"

"சரிங்கன்னுதான் சொல்லுவோம். படிக்கற மனுசன்கிட்ட வேற இன்னா சொல்றது?"

"அப்ப மரத்தக் குடுத்துருவீங்களா?"

"ஏன் குடுக்கறோம்? அவுரு சொன்னாரு, நாங்க கேட்டோம். அவுரு போன பொறவு ஊர்ல எல்லாரும் ஒக்காந்து பேசுவோம். பேசி முடிச்சுட்டுத்தான் பதிலு சொல்லுவோம். நின்ன எடத்துல பதிலு சொல்லுவாங்களா யாராச்சும்?"

அவர் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். நீ என் பக்கம் திரும்பி, "காயிதம் படிச்ச பதினோராம் நாள் தேதி போட்டு அதே கோப்புல ஒரு மனு இருக்குதில்ல? ஊரே கைநாட்டு வெச்சது. அதுதான்டி பதிலு. அத நீ அடிக்குறிப்புல போட்டு மூடிட்ட" என்றாய்.

உண்மைதான். ‘பிற்பாடு தோன்றிய எண்ணம்’ என்று ஒதுக்கியிருந்தேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அம்மாவிடம் சரி சரி என்று சொல்லிவிட்டு நான் நினைத்ததையே செய்தவள் நான். அதே சொல் கோப்பில், முத்திரைக்குக் கீழே வந்ததும் எனக்கு அது வேறு சொல்லாகிவிட்டது. சட்டம் படித்தவர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

ஆனால் அன்றைக்கு நான் இப்படியெல்லாம் நினைக்கவில்லை. உன்மேல் கொதித்தேன். "தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமேடி, சபையில வெச்சுத்தான் சொல்லணுமா?" என்று கத்திவிட்டு, வாய் திறந்ததற்காக ராஜமாணிக்கத்திடம் கண்டனமும் வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன். மறுநாள் முழுக்க உன்னோடு பேசவில்லை. நீயும் சமாதானத்துக்கு வரவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தாய், தனியாக, இரண்டு பக்கமும் நீயே.

நான்காம் நாள் காலையில் நானே வந்தேன். "ஆனிக்குள்ள மாத்தி எழுத முடியுமாடி?" என்று கேட்கும்போது அழுகை வந்துவிட்டது. "மாத்தி எழுதத் தேவையில்ல. கீழ கெடக்கற மனுவ மேல தூக்கி வெய்யி, மேல இருக்கற சரிய அது பக்கத்துல வெய்யி. மிச்சம் தானா திரும்பும்" என்றாய். உட்கார்ந்து பார்த்தோம். திரும்பியது. ஆனால் ஐந்து பேரும் சேர்ந்து அதை வரிவரியாகப் பார்க்க இன்னும் ஓர் அமர்வு வேண்டும். மீதமிருந்தது கடைசி நாள் ஒன்றுதான், அது உன் முறை. உன் நான்காவது அத்தியாயம். பிரதி அனுப்ப நேரமில்லை, கையோடு கொண்டுவருகிறேன் என்று எழுதியிருந்தாய். காக்கி உறை போட்ட கட்டு உன் பையில் இருந்ததை நான் பார்த்தேன்.

"உன் நேரத்தை நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன்.

நீ கொஞ்ச நேரம் பையைப் பார்த்தாய். அப்புறம், "சரி" என்றாய்.

எடுத்துக்கொண்டேன். ஆனி இருபதாம் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தும் விட்டேன். அடுத்த வருடம் வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "அந்த மனுவைப் பார்த்தீர்களா?" என்பதுதான். அவரும் அந்தக் கோப்பைப் படித்தவர். மூன்றாவது அத்தியாயத்தைத் திருப்பிக் காட்டினேன். பழைய பக்கங்களோடு போயிருந்தால் அந்த அறையிலிருந்து எப்படி வெளியே வந்திருப்பேனோ தெரியாது.

உன் ஆய்வேடு மட்டும் வரவே இல்லை. திருவண்ணாமலை கோர்ட்டில் கறுப்பு கோட்டு மாட்டிக்கொண்டாய் என்று ராஜமாணிக்கம் சொல்லித்தான் தெரிந்தது. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கெல்லாம் நீதான் வக்கீலம்மா என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் கடைசி நாளை நான் எடுத்துக்கொள்ளாவிட்டால் நீயும் முடித்திருப்பாயே என்ற நினைப்பும் கூடவே வந்தது. அந்த ஒற்றைச் ‘சரி’யை மனசுக்குள் எத்தனை முறை ஓட்டிக் கேட்டிருப்பேன்! கொடுக்கிறேன் என்று சொன்னாயா, நான் கேட்டது காதில் விழுந்தது என்று மட்டும் சொன்னாயா? கல்யாண வீடுகளில் பார்க்கும்போது, "இன்னா டாக்டரம்மா!" என்று முதுகில் தட்டுவாய். அதில் குத்தல் இருக்கிறதா என்று தேடுவேன். ஒரு வார்த்தை உன்னிடமே கேட்டிருக்கலாம். பயம், ஆமாம் உன்னால்தான் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று.

போன மாதம் உன் காரியம் முடிந்த மறுநாள் கலசப்பாக்கத்துக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர் காபி கொடுத்துவிட்டு, உன் பழைய புத்தகங்களில் எனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் அங்கேயே உடைந்துவிட்டேன். "என்னாலதான் அவ படிப்பு நின்னுபோச்சு" என்று சொல்லிவிட்டேன். அவர் புரியாமல் பார்த்தார்.

"இன்னாங்க சொல்றீங்க? நீங்க மலைக்குப் போறதுக்கு மின்னாடி, தை மாசமே அவ படிப்பு வேணாம்னு அந்த வாத்தியாருக்கு லெட்டர் எழுதிட்டாளே. எழுதறது எனக்கு ஆவாது, வாதாடறதுதான் ஆவும்னு வக்கீலா பதிவு பண்ண அப்பவே விண்ணப்பமும் போட்டுட்டா."

"அப்ப பையில இருந்த அத்தியாயம்?"

"அதுவா? வெறும் பேப்பருங்க. கையில ஒண்ணும் இல்லாம போனா நீங்க கண்டுபுடிச்சுருவீங்களாம். அவ வுட்டுட்டான்னு தெரிஞ்சா நீங்களும் வுட்டுருவீங்கன்னு பயந்தா."

"பின்ன எதுக்காக மலைக்கு வந்தா?"

"நானும் அதத்தான் கேட்டேன். ‘அவ மூணாவது அத்தியாயத்துல ஒரு தப்பு இருக்குது. லெட்டர்ல எழுதினா மூஞ்சத் தூக்கி வெச்சிக்குவா. மேல கூட்டிக்கினு போய்ட்டா எங்கயும் ஓட முடியாது, கேட்டுத்தான் ஆவணும்’னு சொல்லிட்டுப் போனா."

நான் வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. உன் வீட்டில் நான்கு இட்லி சாப்பிட்டேன், உன் மகள் ஐந்தாவதையும் வைத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணமங்கலம் வரை நன்றாகத் தூங்கினேன். இத்தனை வருடத்தில் உன்னை நினைத்துக்கொண்டே நான் நிம்மதியாகத் தூங்கியது அன்றைக்குத்தான்.

கல்லூரியில் பாடம் எடுத்த வரைக்கும், இப்போது வீட்டிலும், யார் எனக்குச் சரி என்றாலும் நான் இன்னொரு தடவை கேட்பேன். "நிஜமாத்தானா, யோசிச்சுச் சொல்லு" என்பேன். மாணவர்கள் அதற்காக எனக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள், மருமகளுக்குச் சலிப்பாக இருக்கிறது. நீ கற்றுக்கொடுத்த இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகாது. ஊரில் எல்லோரிடமும் இரண்டாம் முறை கேட்டவள் உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு, ‘இன்னாடி லூசு, இத்தினி வருசமா இதயா தூக்கிக்கினு திரிஞ்ச?’ என்று ஆரம்பித்து அரைமணி நேரம் திட்டியிருப்பாய். அந்தத் திட்டை வாங்கத்தான் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.