மாடிக் காற்றில் என் சாம்பிராணி

அன்புள்ள மகன் அமலுக்கு,

ஆண்டவர் கிருபையில் பிரேசர் டவுனில் எல்லோரும் சுகமாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். இதுவரை சொன்னது அம்மா. அம்மாவின் வலது கையில் மாவுக்கட்டு என்பதால், அண்ணா, எழுதுவது உன் தங்கை நோரா.

யுனிவர்சிட்டியில் காற்றை ஆராய்கிறவர்கள் நம் மாடியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். காற்றில் எவ்வளவு புகை என்று அது நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்துக்கொள்ளும். நாமெல்லாம் காற்று வாங்க மாடிக்குப் போவோம், பிஎச்.டி. செய்யும் இளவேனில் அக்காவும் கூட வேலை செய்யும் கிஷோரும் நிஜமாகவே வாங்கிக்கொண்டு போகிறார்கள். மழையிலும் வருவார்கள், செருப்பைக் கீழேயே விட்டுவிடுவார்கள், ஊருக்கே நுரையீரல் பார்க்கிற பிள்ளைகள் என்று அம்மாவுக்குப் பெருமை. இனிமேல் வருவதை நீயே சொல்லு, ஒன்றையும் முழுங்காதே என்கிறார் அம்மா.

இவ்வளவு கெட்டிக்காரர்களை ஒருமுறை திணற வைத்துப் பார்க்கலாமே என்று, ஸ்கூல் விட்டு வந்ததும் நாலு பத்துக்கு சாம்பிராணிக் கிண்ணத்தைப் பெட்டியின் மூக்கருகே காட்டினேன். பதினோரு நாள். அவர்கள் திணறவில்லை, தேடினார்கள். நாலு மணி வெயிலில் தெருமுனைகளில் ஒரு வாரம் நின்றார்கள். கோவிந்தப்பா பேக்கரியில் விசாரித்தபோது அவர், இருபது வருஷமா கேஸ் அடுப்புதாம்மா, யார் வீட்டுப் புகையையோ ஏன் என் தலையில கட்றீங்க என்று தெரு கேட்கக் கத்தினார். புகை எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் நம் மாடியில் எடுத்த இரண்டு மாத அளவும் குப்பை, வெள்ளிக்கிழமை அக்கா தீசிஸில் அந்த அத்தியாயத்தைக் கொடுக்க முடியாது. அக்கா நம் படியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மாவின் இடது கையும் பலமானதுதான் அண்ணா.

மறுநாள் அம்மா என்னை அவர்கள் லேபுக்கே இழுத்துப் போனார். குழுவின் தலைவி ஸ்ரீவித்யா மேடம் திட்டவே இல்லை. ஞாயித்துக்கிழமை வராத புகை, லோக்கல் லீவுக்கும் வராத புகை, அது ஸ்கூலுக்குப் போற புகைன்னு நேத்து ராத்திரியே தெரிஞ்சுபோச்சும்மா, ஆனா உன் பேரை நாங்க எழுத மாட்டோம் என்று ஒரு ரெஜிஸ்டரை நீட்டினார். தான் கிளப்பிய புகையைத் தானே எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர்கள் வழக்கமாம். என் வரிக்கு மேலே, வேறொரு பெட்டியின் பக்கத்தில் பைக்கை ஸ்டார்ட் செய்த கிஷோர், அவருக்கு மேலே தீபாவளி மத்தாப்புக்காக மேடமே, இரண்டு தடவை. நானும் எழுதினேன்.

பிறகு அதே கிண்ணத்தோடு மாடியில் திரும்பச் செய்யச் சொன்னார்கள். எந்தக் கை, எத்தனை அங்குலம், எத்தனை நிமிடம் என்று மூன்று பேரும் குறித்தார்கள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதை வைத்து என் புகை படிந்த நிமிடங்களை மட்டும் வெட்டினார்கள், மற்றதெல்லாம் பிழைத்தது. கோவிந்தப்பாவிடம் அக்காவும் நானும் சேர்ந்தே மன்னிப்புக் கேட்டோம். வெள்ளிக்கிழமை அத்தியாயத்தை அக்கா சொன்னபடி கொடுத்துவிட்டார். வெட்டிய இடத்தின் கீழே, வீட்டுப் பெண் சாம்பிராணி காட்டினாள், அவளே வந்து சொன்னாள் என்று அக்கா எழுதியிருக்கிறார். அந்த வரியை அம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

உனக்கு அம்மாவின் ஆசீர்வாதம், மாதா காப்பாள். ஹீட்டர் மேல் துணி காயப்போடாதே. அங்கே ஏதாவது செய்துவைத்தால் முதலில் நீயே போய்ச் சொல்லிவிடு, கண்டுபிடிக்கிற எல்லோரும் இவர்களைப் போல இருக்க மாட்டார்கள் என்கிறார்.

இப்படிக்கு, இடக்கையால் கையெழுத்திடும்
உன் அம்மா ஜோசஃபின்