மேரி அக்கா சொன்ன தொண்ணூற்றெட்டு

ஜூன் 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. விடுதி வராந்தா முழுக்க ஈரத்துணி.

நர்சிங் மூன்றாம் வருடத்துக்காரர்களுக்குக் கொரோனா பற்றி ஒரு கேள்வித்தாள். அறிவு, மனப்பான்மை, இரண்டு பகுதி. அறிவுப் பகுதியில் எனக்கு எல்லாம் சரி. மனப்பான்மையில், ‘சேவை செய்யத் தயாரா?’ ஆம் என்று டிக் போட்டேன். உள்ளுக்குள் பாதி ஆம்தான்.

பாறசாலையிலிருந்து அம்மா போன். “வேற பிள்ளைகளே இல்லியா? நீ எதுக்குப் போணும்?”

“வார்டுக்கு இல்லம்மா. போன்ல விசாரிக்கணும், அவ்வளவுதான்.”

ஜூன் 9, புதன்

செமினார் ஹால். பெஞ்சுக்கு ஒருவர். வீட்டிலேயே இருக்கும் நோயாளிகளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். காய்ச்சல், மூச்சு, ஆக்சிஜன். மலையாளக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவள் நான் என்பதால் தமிழ்க்காரர்கள் எல்லோரும் என் தலையில்.

விழிஞ்ஞத்தில் மேரி அக்கா. கணவர் சேசடிமை அண்ணன், கடல் தொழில். இரண்டு பேருக்கும் கொரோனா. அக்காவுக்கு லேசு, அண்ணனுக்குக் காய்ச்சல் விடவில்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி நாளை வருமாம். அக்கா போனை வைக்க விடவே இல்லை. கடல், வலை, நாத்தனார். காது சுட்டது.

சாப்பாடு: சோறு, மோர்க்கறி. அறைத்தோழி அஞ்சு தன் பப்படத்தை எனக்குத் தந்தாள். நல்லவள்.

ஜூன் 10, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

போனில் மேரி அக்கா: “மெஷின் வந்தாச்சு மோளே. அவருக்குத் தொண்ணூத்தெட்டு. ஒண்ணும் குழப்பமில்ல.”

நாடித்துடிப்பு?

“பூஜ்யம், ஒண்ணு, ஒண்ணு.”

பேட்டரிக் கோளாறு என்று நினைத்து 98-ஐ மட்டும் குறித்துக்கொண்டேன். போனை வைக்கப் போனேன். அக்காவா விடுவாள்?

“கஞ்சிய பாதியில வச்சிட்டாரு, கேட்டோ. பேச்சும் பாதியில நிக்குது.”

அண்ணனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன். ஏழோடு நின்றுவிட்டார்.

98 இருப்பவர் ஏழில் நிற்க மாட்டார். பூஜ்யத்தில் தொடங்கும் நாடியும் கிடையாது. தாளில் 011 என்று மெஷினில் தெரிவதுபோல் கட்டம் கட்டமாக எழுதித் தலைகீழாகத் திருப்பினேன். 110. பிறகு 98. திருப்பினால் 86.

“அக்கா, எங்க இருந்து பாக்கீங்க?”

“அவருக்கு எதிர்ல, கையப் பிடிச்சுட்டு.”

“அவரு பக்கத்துல போய் இருந்து பாருங்க.”

அக்கா எழுந்து அந்தப் பக்கம் போய் உட்காரும் சத்தம்.

“எண்பத்தாறு. மோளே, இது கொறவா?”

ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை இரண்டு பேரோடும் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

ஜூன் 11, வெள்ளி

அண்ணனுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். ஏறுகிறதாம்.

அக்காவின் வாய்க்கு நன்றி. நான் அவசரப்பட்டபோதும் அவள் நிறுத்தவில்லை. இனி யார் எவ்வளவு பேசினாலும் கேட்பேன். எல்லோரிடமும் முதல் கேள்வி: எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறீர்கள்?

அம்மாவிடம் சொன்னேன். போகாதே என்று இன்று சொல்லவில்லை. “அந்த அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஜூன் 24, வியாழன்

வெயில். துணி காய்ந்தது. சோப்பு வாங்க வேண்டும்.

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். போனை எடுத்தது அவரே. நான் கேட்காமலேயே எண்ண ஆரம்பித்தார். ஏழைத் தாண்டினார். இருபதையும் தாண்டினார். பின்னால் அக்கா, “போதும், அந்தப் பிள்ளைக்கு வேற ஜோலி இல்லியா?”

நான் நிறுத்தச் சொல்லவில்லை.