ஆஜர்ப் பட்டியல்

பருத்திப்பட்டு
12-8-1943

மரியாதைக்குரிய டீச்சரம்மாவுக்கு, கங்காதரன் வணக்கம் சொல்லி எழுதுவது.

மழை உண்டு, நாற்று உண்டு, நிம்மதிதான் இல்லை. ஆவடியில் பட்டாள முகாம் வந்ததிலிருந்து பூந்தமல்லி ரோட்டில் லாரிகள் ஓயவில்லை. நேற்று பள்ளிவிட்டு வந்த எங்கள் ஊர்ப் பெண்களின் பின்னாலேயே ஒரு லாரி ஊர்ந்து வந்திருக்கிறது. மகள் தாட்சாயிணியை இனி அனுப்புவதற்கில்லை. ஆறாம் பாரம் வரை வந்த பெண்ணை வீட்டில் உட்கார வைப்பது எனக்கும் வயிற்றெரிச்சல்தான். பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிடுங்கள்.

கங்காதரன்


பூந்தமல்லி
16-8-1943

அன்புள்ள ஐயாவுக்கு, ஸ்தோத்திரம்.

பெயரை அடிக்கச் சொல்ல எப்படி மனசு வந்தது? கணக்கில் அவளை மிஞ்ச என் வகுப்பில் ஆள் இல்லை. துணை கிடைக்கும் நாளில் மட்டும் வரட்டும். மற்ற நாளுக்கும் நானே ஆஜர் போட்டுவிடுகிறேன். நாள் குறைந்தால் மார்ச் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் உட்கார விடமாட்டார்கள். அந்த ரோட்டிலிருந்து வரும் பதினோரு பெண்களுக்கும் அப்படித்தான் செய்கிறேன், தலைமையாசிரியைக்குத் தெரியாது. இங்கே பாதி பெஞ்சு காலி. வந்தவர்களும் லாரிச் சத்தம் கேட்டால் ஜன்னலைத்தான் பார்க்கிறார்கள்.

ஞானசௌந்தரி


பருத்திப்பட்டு
9-11-1943

டீச்சரம்மாவுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை காலை தாட்சாயிணி பள்ளிக்குத்தான் கிளம்பினாள். துணைக்கு வரும் வேம்புலி மகளுக்கு ஜுரம். இவள் எங்களிடம் சொல்லாமல் தனியே நடந்திருக்கிறாள். வழியில் லாரியை நிறுத்தி இரண்டு பேர் துரத்தினார்களாம். ஓடியவள் ஏரிக்கரையிலிருந்து குதித்ததில் கால் ஒடிந்துவிட்டது. மத்தியானம் வரை யாரும் பார்க்காமல் கிடந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். அவர்கள் உங்கள் ஆஜர்ப் பட்டியலை வரவழைத்தார்கள். "பொண்ணு கிளாஸ்ல இருந்துகீது. நீ இன்னா கதை சொல்லிகினு கீறே?" என்றார் ஏட்டு. பள்ளியிலிருந்து யாரோடு போனாள் என்று ஊரில் கேட்கிறார்கள். அன்று அவள் வரவில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை வந்து சொல்ல வேண்டும்.

கங்காதரன்


பூந்தமல்லி
15-11-1943

அன்புள்ள ஐயாவுக்கு,

அன்று அவள் இடம் காலியாக இருந்ததைப் பார்த்தேன். வழக்கம்போல ஆஜர் போட்டேன். ஏன் வரவில்லை என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அது என் குற்றம்தான். ஆனால் நான் இப்போது வந்து சொன்னால் பட்டியல் முழுதும் பொய்யென்றாகும். மற்றப் பத்துப் பெண்களுக்கும் பரீட்சை போய்விடும். மார்ச் முடியட்டும். வேலை போனாலும் வந்து சொல்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞானசௌந்தரி


பருத்திப்பட்டு
2-12-1943

டீச்சரம்மாவுக்கு,

புகாரைத் தள்ளிவிட்டார்கள். மார்ச்சில் நீங்கள் வர வேண்டியதில்லை. பத்துப் பெண்களும் பாஸாகட்டும், மனதாரச் சொல்கிறேன்.

தாட்சாயிணிக்குக் கால் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. இத்தனை நாளும் அவளுக்கு ஒரே கேள்விதான்: "நைனா, நான் அன்னிக்கி வர்லேன்னு டீச்சர் சொன்னாங்களா?" நேற்று, சொன்னார் என்றேன். "எனக்குத் தெரியும்" என்றாள். கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

இனி எனக்குக் கடிதம் போடாதீர்கள். போன கடிதத்தைத் தபால்காரர் கழனியிலேயே என் கையில் கொடுத்ததால் தப்பித்தேன். வீட்டுக்கு வரும் கடிதத்தை முதலில் பிரித்துப் படிப்பது அவள்தான்.

கங்காதரன்