நனைந்து வந்த நோட்ஸ் புத்தகம்

ஒக்டோபர் 14, திங்கள்

விடிய மழை. துறைமுகம் முழுக்கச் சாம்பல். சீனன்குடாப் பக்கம் எண்ணெய்க் கப்பல் ஒன்று நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. இந்த வீதியில் வேறு யாருக்கும் தெரிந்திராது.

வேலைகள்: கூரைத் தகரத்துக்கு ஆணி. பூனைக்குச் சூடை மீன். என் மனுசி பிலோமினாவின் பிரஷர் மாத்திரை. (இனி அவளைப் பி. என்றே எழுதுவது. கொப்பியை எடுத்துப் பார்த்தாலும் யாரென்று விளங்காது.)

பத்து மணிபோல பார்சல். தங்கச்சி மகள் நிரோஷி இன்டர்நெட்டில் ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய பியானோ நோட்ஸ் புத்தகம். அவர்களுடைய குறுகிய ஒழுங்கைக்குள் பார்சல்காரர் போகமாட்டார், அதனால் என் விலாசம். என் பெயரைச் சொன்னால் உட்துறைமுக வீதியில் பார்சல் தானாக நடந்து வரும்.

கையில் வாங்கியதுமே தெரிந்தது. விற்றவருக்குச் சாமான் கட்டத் தெரியாது. மெல்லிய கடதாசி உறை. பொலித்தீன் இல்லை. மட்டை இல்லை. நடுவில் ஒரு மடிப்பு. பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வந்திருக்கும். சரி, ஒரு கோப்பை. விளம்பரத்தில் ‘மிக நல்ல நிலையில்’ என்று போட்டிருந்ததாம்.

விஷயம் சின்னது அல்ல. மாதக் கடைசியில் நிரோவுக்குக் கொழும்பில் டிப்ளோமாப் பரீட்சை. இந்தப் புத்தகத்தில் உள்ள நீளமான பீஸ் ஒன்றை வாசிக்கிறாள். இவ்வளவு நாளும் பழகியது போட்டோக்கொப்பியில்தான், அதிலும் நடுவில் ஒரு பக்கம் இல்லை. போட்டோக்கொப்பியோடு போனால் வாசிக்க விடமாட்டார்கள். அச்சடித்த அசல் புத்தகத்தைக் காட்ட வேண்டும். அது இப்போது அச்சில் இல்லை, எங்கெங்கோ தேடி இது ஒன்றுதான் அகப்பட்டது. டிப்ளோமா கிடைத்தால் பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலை. இல்லையென்றால் தொண்டர் ஆசிரியையாகவே இருக்க வேண்டியதுதான்.

பிள்ளை இன்றைக்கு வரமாட்டாள், டியூஷன். நாளை வரும்போது கையில் புதுப் புத்தகத்தைக் கொடுப்பது என்று முடிவு.

பி.: “அவள் வரட்டுமேப்பா. கேட்டுட்டுச் செய்யுங்கோவன்.”

துறைமுகத்தில் வின்ச் பிடித்து இறக்காத சாமான் இல்லை என்றேன். ஒரு முறை கப்பலிலிருந்து பெரிய பியானோ ஒன்றை ஒரு கம்பி கூடச் சத்தம் போடாமல் இறக்கியதையும் ஞாபகப்படுத்தினேன்.

“போன முறை சொல்லேக்க அது ஆர்மோனியம்.”

எனக்கு வேலை கிடந்தது.

கம்பிப் பின்னைக் கழற்றித் தாள்களைப் பிரித்தேன். மத்தியானம் மழை விட்டது. உடுப்புக் கொடியில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டேன். கிண்ணியா மீன்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

“என்ன ஐயா, பப்படமா காயப்போட்டிருக்கிறீங்க? எள்ளு நல்லாத்தான் தூவியிருக்கு.”

“இது பியானோ பாட்டு.”

“அப்ப ஏன் சத்தத்தைக் காணல்ல?”

சூடை வாங்கினேன். பிறகு சாரத் துணிக்குள் வைத்து ஒவ்வொரு தாளாக அயன் பண்ணினேன். வங்கி நோட்டுப் போல வந்தது. நடுத்தாள்கள் இரண்டும் வழுவழுப்பு, காயச் சுணங்கின. ஒன்றாக அடுக்கி அம்மிக்குக் கீழே வைத்தேன். விடியக் கண்ணாடி போல இருக்கும்.

ஒக்டோபர் 15, செவ்வாய்

வெயில். பூனை சுகம்.

நிரோ பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்தாள். புத்தகத்தைப் பார்த்ததும் கண் விரிந்தது. “மாமா! நனைஞ்சு வந்தது எண்டு மாமி சொன்னா. இது புதுசு போலக் கிடக்கு.”

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் நேற்று முழுக்க முதுகு நொந்தது.

பிறகு கேட்டாள்: “படம் எடுத்தனீங்களோ?”

“என்ன படம்?”

“ஈரத்தோட. வந்த உடனே. விக்கிற ஆளுக்கு அனுப்பினால்தானே வேற ஏதும் தேடித் தருவினம்.”

பி. குசினிக்குள் இருந்து: “உவர்தானே சொல்லுறவர், உடைஞ்ச பெட்டியைச் சேதம் மதிக்கிற சர்வேயர் பார்க்க முன்னம் ஒருத்தரும் தொடக்கூடாது எண்டு.”

அது மரப்பெட்டிக்கு உள்ள சட்டம். புத்தகத்துக்கு அல்ல. கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன்.

அம்மியைத் தூக்கினோம். நடுத்தாள் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஒரே தாள் போல. நிரோ நகத்தால் மூலையைக் கிளப்பி மெல்ல மெல்லப் பிரித்தாள். ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். ஒரு பக்கத்து நோட்ஸ் எல்லாம் தோல் உரிந்தது போலக் கழன்று, எதிர்ப்பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டுகள். எதிர்ப்பக்கம் நல்ல காலமாக வெறும் பக்கம். தாள் புரட்ட வசதிக்காக அச்சடிக்காமல் விட்டதாம். அதில் இப்போது நோட்ஸ் எல்லாம் வால்பேத்தைகள் போல இடம் வலமாகத் தலைமாறி நீந்துகின்றன.

“இதுதான் மாமா அந்த பீஸ். நடுப்பக்கம்.”

அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். கோப்பையைக் கழுவியும் வைத்தாள்.

இரவு சூடைப் பொரியல். எனக்குப் பிடிக்கவில்லை. உப்புக் கூடிவிட்டது.

ஒக்டோபர் 17, வியாழன்

தூறல். முதுகு அப்படியே.

நேற்று நிரோ, நனைந்து வந்தது என்று எழுதி, மேல் அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஸ்கொட்லாந்திலிருந்து பதில். புத்தகம் மிக அழகாக இருக்கிறதாம், சேதம் எங்கே என்று கேட்கிறாராம். என் வேலை அப்படி. கடல் கடந்தும் குற்றம் காண முடியவில்லை.

ஒரு யோசனை சொன்னேன். குசினியிலிருந்து பேசினைக் கொண்டுவந்து வைத்தும் விட்டேன்.

“இன்னொருக்கால் நனைப்பம் பிள்ளை. நனைச்சுப் படம் எடுத்து அனுப்பு. உண்மைதானே? நனைஞ்சுதானே வந்தது?”

“பிறகு?”

“பிறகு நான் அயன் பண்ணித் தருவன்.”

பி. பேசினைத் தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது: “இந்த மனுசனுக்கு அயன்பெட்டியைக் காட்டாதை.”

நிரோ சிரித்தாள். இரண்டு நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. “ஏலாது மாமா. மிச்சப் பக்கமும் போயிடும். உள்ளதையே எழுதிப் போடுறன்.” போனில் எழுதினாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

“நனைஞ்சு வந்தது, மாமா காயவைச்சு அயன் பண்ணிப்போட்டார், ஒரு பக்கம் போயிட்டுது, வேற புத்தகம் கிடைக்குமோ எண்டு.”

மாமா என்று மட்டும் போட்டால் அந்த மனிதருக்கு எப்படி விளங்கும்? துறைமுகத்தில் வேலை செய்தவர் என்றாவது போட்டிருக்கலாம்.

பரீட்சைக்காரருக்கும் எழுதியிருக்கிறாள். சேதமான அசலோடு வந்தால் விடுவார்களா என்று.

ஒக்டோபர் 20, ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம். பாட்டுக்குக் குரல் கொடுத்தேன், முன் வாங்குகளில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல குரல் என்றால் திரும்பத்தான் செய்வார்கள்.

இரண்டு பதில்கள்.

ஒன்று ஸ்கொட்லாந்து. வேறு புத்தகம் இல்லையாம். வருத்தமாம், கட்டியது தன் பிழையாம், காசு திரும்பி வருமாம். கடைசியில் ஒரு கேள்வி: அவர் வீட்டு நிலவறைக்குள் வெள்ளம் வந்து ஒரு பெட்டி நோட்ஸ் நனைந்து கிடக்கிறதாம். மாமா எப்படிச் செய்தார்?

மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

பதில் நான் சொல்லச் சொல்ல நிரோ எழுதினாள். கொடி, கிளிப், சாரத் துணி, அயன்பெட்டிச் சூடு, கிழக்குக் கரைக் காற்றின் தன்மை, நான் இறக்கிய பியானோ. ஒரு மணித்தியாலம் சொன்னதை அவள் நாலு வரியில் முடித்துவிட்டாள். வழுவழுப்புத் தாளை ஒன்றாக வைக்காதேயுங்கள் என்று ஒரு வரி தானாகவே சேர்த்தாள். அது அனுபவத்தில் வந்த அறிவு, சேர்க்கத்தான் வேண்டும்.

மற்றது பரீட்சைக்காரர். அசல் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். சேதமான பக்கத்தைப் பற்றிப் பரீட்சகர் அங்கே பார்த்துத்தான் முடிவெடுப்பாராம். அப்படியென்றால் போய் நிற்கும்வரை தெரியாது. அவர் வேண்டாம் என்றால் பிள்ளை பியானோவில் கை வைக்காமலே திரும்ப வேண்டும். அவர் விட்டாலும், போன பக்கத்தை எதைப் பார்த்துப் பழகுவது?

பின்னேரம் பி. முகம் பார்க்கும் கண்ணாடி மேசைக்கு முன் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். புத்தகம் அந்த மேசையிலேயே விரிந்து கிடந்தது.

“பிள்ளை, இஞ்ச வா. இதுக்குள்ள பார். நேராத் தெரியுது.”

நிரோ சீப்பைத் தட்டிவிட்டு ஓடிவந்தாள். கண்ணாடிக்குள் அந்த வெறும் பக்கம். தலைமாறிய வால்பேத்தைகள் எல்லாம் சரியான பக்கம் பார்த்து நிற்கின்றன.

முதலில் கண்டது பி.தான். ஆனால் அந்தக் கண்ணாடி நான் வாங்கியது.

ஒக்டோபர் 23, புதன்

மழை. மின்சாரம் வந்து வந்து போகிறது.

மூன்று நாளாகப் பின்னேரங்களில் இதே வேலை. நான் கதிரையில் இருந்து கைக்கண்ணாடி ஒன்றைப் பிடிக்கிறேன், நிரோ அதைப் பார்த்து வரித்தாளில் எழுதுகிறாள். ஒட்டாத இடத்தைப் பழைய பக்கத்தில் தேடுகிறாள். அங்கேயும் இல்லையென்றால் மேசை விளிம்பில் விரலால் வாசித்துப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு எழுதுகிறாள்.

“மாமா, ஆட்டாதேங்கோ.”

“நான் ஆட்டேல்ல. காத்து.”

“கதவு பூட்டிக் கிடக்கு.”

“அப்ப நில நடுக்கம்.”

பி. தேத்தண்ணியோடு வந்து கண்ணாடியைத் தான் கொஞ்சம் பிடிக்கட்டுமா என்றாள். விடவில்லை. இது வின்ச் பிடித்தவன் வேலை. கை விறைத்துப்போனதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை.

ஒரு இடத்தில் பிள்ளை பேனையை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி, இரண்டு கையாலும் மேசையில் நீளமாக வாசித்தாள். சத்தமே இல்லை. விரல் நகம் பலகையில் தட்டுப்படுகிற டக் டக் மட்டும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“சரியோ பிள்ளை?”

“ஓம் மாமா. இதுதான். வேற மாதிரி வராது.”

அயன் பண்ணியதற்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. “தேத்தண்ணிக்குச் சீனி காணாது” என்று சொன்னேன். அவள் எழும்பிப் போய்ச் சீனி கொண்டுவந்து போட்டுக் கலக்கி, கோப்பையை என் இடது கைப்பக்கம் வைத்தாள். வலது கையில் கண்ணாடி.

ஒக்டோபர் 28, திங்கள்

எழுதிய பக்கத்தை அசலுக்குள் வைத்துத் தைத்தேன். பாய்மரத் துணி தைக்கிற தையல், பி.யின் ஊசி. கம்பிப் பின்னைத் திருப்பிக் குத்தினேன். இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, பொலித்தீன் சுற்றி, கயிறு போட்டேன். கடலில் போட்டாலும் உள்ளே நனையாது. ஸ்கொட்லாந்துக்காரர் பார்க்க வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை: புத்தகப் பலகை. நிரோவின் மற்ற நோட்ஸ். அடையாள அட்டை. இடியப்பம், சம்பல். என் வெள்ளைச் சேர்ட்.

தங்கச்சி அழுதாள். பரீட்சைக்குத்தானே போகிறாள், கப்பலுக்கா என்று கேட்டேன்.

பி.: “நீங்கள் அங்க போய் ஒண்டும் கதைக்காதேங்கோ.”

“கேட்டால்?”

“கேட்டாலும்.”

ஒக்டோபர் 29, செவ்வாய். கொழும்பு

காலை கோட்டை ஸ்டேஷனில் இறங்கினோம். புழுக்கம். இடியப்பம் அங்கே வாங்கில் இருந்தபடியே முடிந்தது. நிரோ ஒன்று சாப்பிட்டாள், மற்றதெல்லாம் நான். வீணாக்கக் கூடாது.

பரீட்சை மண்டபத்து வராந்தாவில் இருந்து எழுதுகிறேன். வழுக்குகிற தரை. கதிரைக்குக் கைபிடி இல்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு தாய், மகனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிடுகிறாள்.

வாசலில் இருந்த நோனா அம்மா புத்தகத்தைக் கேட்டார். கயிறு அவிழ்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கொஞ்சம் அல்ல, எல்லோரும் எழும்பிப் பார்க்கும் அளவுக்கு. நோனா உள்ளே கொண்டுபோனார். நிரோ என் பக்கம் பார்க்கவில்லை. கைவிரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நின்றாள். நான் அவிழ்த்த கயிற்றிலேயே திரும்பத் திரும்ப முடிச்சுப் போட்டேன். கதைக்காதே என்று பி. சொன்னதால்தான்.

பரீட்சகரே வெளியே வந்தார். உயரமான வெள்ளைக்காரர், கண்ணாடி மூக்கு நுனியில். நடுப்பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். உரிந்த பக்கம், தலைமாறிய பக்கம், நிரோ எழுதிய பக்கம். மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. இங்கிலீசில் ஏதோ கேட்டார், நிரோ பதில் சொன்னாள். ‘அங்கிள்’ என்ற சொல் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் எழும்பி நின்றேன். ஒன்றும் கதைக்கவில்லை, பி. கேட்டால் சாட்சி உண்டு.

தலையை ஆட்டினார். வா என்று பிள்ளையைக் கூப்பிட்டார்.

நிரோ ஓடிவந்து புத்தகத்தை என் கையில் தந்தாள்.

“விட்டிட்டினம் மாமா. அசல்தான் எண்டு சொல்லியாச்சு. இதை நீங்கள் வைச்சிருங்கோ.”

“பார்த்து வாசிக்க வேண்டாமோ?”

“எழுதி எழுதிக் கைக்குள்ள வந்திட்டுது. பாக்கத் தேவையில்லை.”

கதவு மூடியாயிற்று. முதலில் வேறு ஏதோ வாசித்தாள், சின்னது. பிறகு இது. இதை எனக்குத் தெரியும், மாதக்கணக்காகக் கேட்கிறேன். புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டேன். அவள் உள்ளே வாசிக்க நான் வெளியே பக்கம் புரட்டினேன். பக்கத்திலிருந்த தாய் மகனின் விரலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். இசை தெரிந்தவர் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

நடுப்பக்கத்துக்கு வந்ததும் புரட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கேயும் தடங்கவில்லை. பிறகு அடுத்த பக்கம், பிறகு இன்னொன்று, நிதானமாகப் புரட்டினேன்.

சத்தம் நின்றுவிட்டது. எனக்கு இன்னும் இரண்டு பக்கம் கிடக்கிறது. பிள்ளை கொஞ்சம் வேகமாக வாசித்துவிட்டாள்.