எல்லோரும் எழும்பிப் போன கூட்டம்

திருகோணமலை
12.6.1974

அன்புள்ள மகன் மைக்கலுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

மாதாவின் துணையால் இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லை, மனதுக்குத்தான் சுகமில்லை. நீயும் சீலாவும் பிள்ளைகளும் அந்தச் சாம்பியாவில் நலமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு செபமாலையிலும் கேட்கிறேன். பாண் வாங்க விடியவே கடை வாசலில் வரிசை, வெயில் என்றால் சொல்ல வேண்டாம், சீலாவின் தாய் போன கிழமை வந்து பேரப்பிள்ளைகளின் படத்தைப் பார்த்து அழுதுவிட்டுப் போனார். அதெல்லாம் இருக்கட்டும். உன் அப்பாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், பேனை பிடிக்கும்போதே எரிச்சல் வருகிறது.

அப்பாவை மீனவர் முதலீட்டு நிதியின் சபையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பயப்படாதே, அவர் ஒரு சதமும் எடுக்கவில்லை. மாவட்டத்து மீனவர் சேர்த்த பணத்தை எதில் போடுவது என்று தீர்மானிக்கிற சபை அது. அதில் இருப்பதற்கு எத்தனை தகுதி கேட்டார்கள் தெரியுமா, கணக்குத் தெரிய வேண்டும், கடனில் முறிந்திருக்கக் கூடாது, கோட்டு வழக்கில் தண்டனை பெற்றிருக்கக் கூடாது, கட்சிக்காரனாக இருக்கக் கூடாது. ஆயுள் முழுக்கத் துறைமுகக் கந்தோரில் கணக்கு எழுதின மனிதர் என்று இவரை வீடு தேடி வந்து கூட்டிப்போனார்கள். உள்ளே போக அத்தனை தகுதி, வெளியே அனுப்ப ஒரு பிழை போதுமாம்.

நடந்தது இதுதான். என் தம்பி, உன் குலசிங்கம் மாமா, சல்லிக் கிராமத்தில் ஐஸ் ஆலை போட நிதியிடம் பணம் கேட்டான். கேட்கட்டும், மீன் பழுதாகிப் போகிற ஊருக்கு ஐஸ் நல்லதுதானே. ஆனால் உறவினருடைய அலுவலைக் கதைக்கும்போது அந்த உறுப்பினர் அறையை விட்டுப் போக வேண்டும், போகாவிட்டால் பதவி போகும், அது சட்டம். அப்பா மறக்கவில்லை, எழும்பினார். தலைவர் ஆதம்பாவா முதலாளி விடவில்லை. இந்த வெயிலுக்குள்ள வயசு போன மனிசனை வெளியில விடுறதோ, நீங்க இருங்கோ ஐயா, நாங்க விறாந்தையில நிண்டு கதைச்சிட்டு வாறம் என்று சொல்லி மற்ற எல்லோரையும் எழுப்பிக்கொண்டு போய்விட்டார்! விறாந்தையில் நின்றே பணம் கொடுப்பதென்று முடிவெடுத்து, உள்ளே வந்து கையெழுத்து வைத்திருக்கிறார்கள். இவர் மின்விசிறிக்குக் கீழே தனியாகக் கதிரையில். இப்படி ஒரு மரியாதையை நீ வேறு எந்த ஊரிலாவது கண்டாயா? கணக்குப் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்தவர் ஒரே கேள்விதான் கேட்டாராம், உறுப்பினர் லெஸ்லி, அதுதான் உன் அப்பா, அறையை விட்டு வெளியே போனாரா என்று. போகவில்லை. வேறென்ன சொல்ல?

நீக்குவதற்கு முன் விளக்கம் எழுதிக் கொடுக்கத் தவணை உண்டு. உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ என்று காலையும் மாலையும் சொன்னேன், மனிதர் பேனையைத் தொடவில்லை. மச்சானுக்குப் பணம் வாங்கிக் கொடுத்தவர் என்று ஊரில் கதை. நான் மீன் வாங்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள், இவர் பூசைக்குப் போனால் கோயிலின் கடைசி வாங்கில் ஒதுங்கி இருக்கிறார். பொறுக்க முடியாமல் ஒரு நாள் கத்தியே விட்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தார். எழுதினா வெளியில கூட்டம் வைச்சதெண்டு அவங்கள் எல்லாருக்கும் பதவி போகும், என்னை மதிச்சு எழும்பினவங்களை நான் காட்டிக்குடுக்க ஏலாது என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதேன்.

பிறகு குடையை எடுத்துக்கொண்டு நேரே ஆதம்பாவா வீட்டுக்குப் போனேன். நாக்கில் வந்ததையெல்லாம் கேட்டேன். அந்த மனிதர் தலை குனிந்து, பிழை எங்கட அக்கா, நடந்ததை நாங்க எல்லாரும் எழுதிக் குடுத்திட்டம் என்றார். நேற்றுக் கொழும்பிலிருந்து முடிவு வந்தது. லெஸ்லி தன் நலம் தேடவில்லை என்று ஒரு வரி, ஆனாலும் போக வேண்டியவர் போகவில்லை, ஆகவே நீக்கம். போகக் கூடாதவர்கள் போனதால் மற்ற எல்லோருக்கும் நீக்கம். ஐஸ் ஆலையும் நின்றுபோயிற்று, குலசிங்கம் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. புதுச் சபைக்கு ஆள் தேடுகிறார்களாம். இந்த ஊரில் யாருக்கும் உறவில்லாத ஆளை எங்கே பிடிக்கப் போகிறார்கள்? நீக்கப்பட்ட அத்தனை பேரும் இன்று பின்னேரம் எங்கள் வீட்டில்தான் கூடிச் சிரித்துக்கொண்டு இருந்தார்கள், தேத்தண்ணீர் ஊற்றி எனக்குக் கை ஓய்ந்தது. நியாயம் செய்தவர்கள் என்று சந்தோசப்படுவதா, புத்தியில்லாத கூட்டம் என்று ஏசுவதா, எனக்கே தெரியவில்லை.

பிள்ளைகளைக் கொதித்தாறிய தண்ணீர் குடிக்கச் சொல். சீலாவோடு கோபிக்காதே, மாதா உங்கள் வீட்டை விட்டு அகலாமல் காக்கட்டும். ஒன்று மறவாதே. கடிதத்தின் உறையில் அப்பாவின் பெயருக்குக் கீழே நிதிச் சபை உறுப்பினர் என்று எழுதுவாயே, இனி அதைப் போடாதே. இப்போது அது பொய்யாம், சொல்லிவிடு என்று அவர்தான் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

உன் அன்பு அம்மா
மாகிரட்